யூனிவர்சிட்டி வருது சரி, கிராண்டு (நிலப் பட்டா) யார்கிட்ட இருக்கு?

அன்புள்ள அக்கா,

நான் மலேசியாவுல, பேராக்ல ஒரு தோட்டப்புற டவுன்ல இருக்கேன், ஊர் பேரு போடாதீங்க. எங்க தோட்டத்துல பாதிய வித்துட்டாங்க. அங்க ஒரு தனியார் யூனிவர்சிட்டி கேம்பஸ் வரப்போவுதுன்னு ஒரே பேச்சு. அப்பாவுக்கு 55 ஆச்சு, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) காச எடுத்து வச்சிருக்காரு, பக்கத்து தாமான்ல (குடியிருப்புல) ரெண்டு வீட்டுக்கு டெபாசிட் போட்டு ஸ்டூடண்ட்ஸுக்கு வாடகைக்கு விடப்போறேங்கிறாரு. அம்மா வேணாங்கிறாங்க. 78 நாட்டுல 15,000 யூனிவர்சிட்டிய வச்சு பண்ண ஒரு ஆய்வு படிச்சேன். ஒரு வட்டாரத்துல யூனிவர்சிட்டி எண்ணிக்கை 10 விழுக்காடு கூடினா பின்னாடி ஆள்வீத வருமானம் 0.4 விழுக்காடு கூடுதாம். அப்ப ஊருக்கு நல்லதுதானே? நம்ம ஆளுங்க சோம்பேறிங்க, வாய்ப்பு வாசல்ல வந்து நின்னாலும் பிடிக்க மாட்டாங்க, அதான் என் கவலை. நம்ம பிள்ளைங்களுக்கு சீட்டு கிடைக்குமா? இந்த மாதிரி விஷயத்தெல்லாம் எழுத்தாளருங்க ஏன் எழுத மாட்டேங்கிறீங்க?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

கடைசி கேள்விய முதல்ல ஓரமா தள்ளிடறேன். எழுத்தாளருக்கும் வாடகை இருக்கு, மளிகைக்கடையில பாக்கி இருக்கு, அதனால பொருளாதாரமும் கொஞ்சம் தெரியும். சீட்டு விஷயம், அது தனியார் யூனிவர்சிட்டி, காசு கட்டினா சீட்டு, பேச என்ன இருக்கு. அரசாங்க யூனிவர்சிட்டிக்குள்ள போற கோட்டா, மெட்ரிகுலேஷன் வழின்னு ஆரம்பிச்சா நான் விடிய விடிய திட்டிக்கிட்டு இருப்பேன், அது இன்னொரு நாளைக்கு.

அந்த ஆய்வ நானும் படிச்சிருக்கேன், நீ பாதியில நிறுத்திட்ட. 0.4ங்கறது சராசரி, அதுவும் நாடு நாடா வட்டாரம் வட்டாரமா சேத்து எடுத்தது, உங்க டவுன் அதுல ஒரு புள்ளிகூட கிடையாது. இன்னொன்னும் அதுலயே எழுதியிருக்காங்க, அந்த வளர்ச்சி பிள்ளைங்க நாசி கோரெங் வாங்கித் தின்ற காசால மட்டும் வர்றதில்ல, படிச்ச ஆளுங்க கூடுறதாலயும் புதுசா எதையாவது கண்டுபிடிக்கிறதாலயும் வருதுன்னு, பக்கத்து வட்டாரத்துக்கும் அந்தப் பலன் போவுதுன்னு. தோட்டப்புற டவுன்ல படிச்சு முடிச்ச பிள்ளை பட்டம் வாங்கின மறுநாள் எங்க நிக்கும்? கேஎல் (கோலாலம்பூர்), சிங்கப்பூரு. எங்க பக்கம்னா பினாங்குத் தீவு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிங்க. பலன் பஸ் ஏறிப் போயிடுதுப்பா, ஊருக்கு மிஞ்சறது வாடகையும் சோத்துக்கடையும்தான், அதனால அதையே பேசுவோம்.

நான் இருக்கறது பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம், உனக்குத் தெரியும். இங்க கரும்பு இருந்துச்சு, அப்பறம் ரப்பரு, அப்பறம் செம்பனை, 2001ல யூஎஸ்எம்மோட (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) எஞ்சினியரிங் கேம்பஸ் ட்ரான்ஸ்கிரியன் பக்கம் வந்துச்சு. அது அதுக்கு முன்னாடி உங்க பேராக்ல துரோனோ பக்கம் இருந்ததுதான், அங்கேர்ந்து மூட்டை கட்டி வந்தது. அவங்க விட்டுட்டு வந்த எடத்த பெட்ரோனாஸ் யூனிவர்சிட்டி எடுத்துக்கிச்சு, இல்லேன்னா அந்தச் சுத்துவட்டாரம் என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாரு. யூனிவர்சிட்டின்னா மலை மாதிரி ஒரே எடத்துல உக்காந்திருக்கும்னு நெனைக்காத, அதுவும் கெளம்பும்.

எங்க டவுன்ல அப்ப ஒரே கொண்டாட்டம், ஆளாளுக்கு கணக்கு போட்டாங்க. ஆனா அரசாங்க கேம்பஸ், ஹோஸ்டலு உள்ளேயே, கேண்டீனு உள்ளேயே. பிள்ளைங்க சாயங்காலமா மோட்டார்ல வெளிய வரும், பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) ரெண்டு பொட்டலம் வாங்கும், டயர் பஞ்சர் ஒட்டும், ஃபோட்டோஸ்டாட் எடுக்கும், வெள்ளிக்கிழமை ட்ரெயின் ஏறி வீட்டுக்குப் போயிடும். காசு வரலன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும், வந்துச்சு. நாங்க போட்ட கணக்குக்கு வரல.

கம்பார் கதை வேற. ஈயக்கட்டி ஊரு, 1985ல ஈயத்தோட விலை படுத்ததும் ஊரும் கூடவே படுத்துச்சு, கெழவன் கெழவிங்கதான் மிச்சம். 2007ல யூடிஏஆர்ங்கற தனியார் யூனிவர்சிட்டியோட கேம்பஸ் அங்க வந்துச்சு. அவங்க பிள்ளைங்க பெரும்பாலும் வெளியில வாடகைக்குத்தான் இருக்காங்க, அதனால வரிசை வரிசையா வீடு, கீழ கடை மேல ரூமு, அந்த ஊரு முழிச்சுக்கிச்சு. ஆக பிள்ளைங்க ராத்திரி எங்க படுக்குதுங்களோ அங்கதான் காசும் படுக்குது, இந்த அளவுக்கு உங்கப்பா கணக்கு சரி.

ஆனா அந்தக் காசு யாரோட காசுன்னு உங்க வீட்டுல யாராவது கேட்டீங்களா? இதத்தான் நான் கொஞ்ச நாளா மண்டையில போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன், உன் கடிதம் வந்து அத கிளறிவிட்டுடுச்சு.

எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) பக்கத்து வீட்டு அக்கா, ரப்பர் பால்வெட்டுக்குப் போனவங்க, தோட்டத்துல வேலை முடிஞ்சதும் நாசி லெமாக்கும் இட்லியும் போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, வாழையில நறுக்கி, சம்பல ஒரு கரண்டி வச்சு, நியூஸ்பேப்பர்ல கூம்பா மடிச்சு, ஒரு நெத்திலி கூட ஜாஸ்தி போவாது, ஒண்ணு கம்மியும் ஆவாது. அவங்க கடன் நோட்டு ஒண்ணு வச்சிருந்தாங்க, பள்ளிக்கூடத்து ரெண்டு கோடு நோட்டு. பிள்ளைங்க பேரெல்லாம் அவங்க வாய்க்கு வராது, அதனால "கண்ணாடி மலாய் பொண்ணு", "கிளந்தான் நெட்டையன்", "பல்லு கம்பி சீனப் பையன்", "நம்ம புள்ள சுங்கை சிப்புட்"னு தமிழ்ல எழுதி, பக்கத்துல கோடு போட்டுக்கிட்டே வருவாங்க, அஞ்சு பொட்டலத்துக்கு ஒரு குறுக்குக் கோடு. மாசக்கணக்குல கோடு நிக்கும். என்னாக்கா இவ்ளோ பாக்கின்னா, "பிடிபிடிஎன் இன்னும் எறங்கலம்மா"ன்னுவாங்க.

அந்த ஒரு வரியில இருக்கு தம்பி முழுப் பொருளாதாரமும். 1997லேர்ந்து இந்த நாட்டுல நெறைய பிள்ளைங்களுக்கு மேல்படிப்புன்னா பிடிபிடிஎன், அதாவது அரசாங்கத்தோட படிப்புக் கடன்தான் நெனப்புக்கு வரும். செமஸ்டர் ஆரம்பிச்சு காசு எறங்கறவரைக்கும் ஊர்க் கடைக்காரன் கடன் தாங்கறான், எறங்கினதும் வீட்டுக்காரரு மொதல்ல வாடகைய வாங்கிக்கறாரு, மிச்சத்துல ஃபோன் பில்லு, மோட்டாருக்கு எண்ணெய், கடைசியா அந்த அக்காவோட கோடு. சுங்கை சிப்புட்ல பால் வெட்றவன் மகன் வாங்கின கடன், இங்க வந்து, வாடகையா மாறி, பினாங்குத் தீவுல இருக்கற வீட்டுக்காரரு பேங்க்ல போய் உக்காருது. அந்தப் பையன் படிச்சு முடிச்சு வருஷக்கணக்கா மாசா மாசம் கட்டிக்கிட்டு இருப்பான். இதுக்குப் பேரு ஊர் வளர்ச்சி. நாளைக்கு உங்கப்பா கையில வரப்போற வாடகையும் அதே காசுதான், இன்னொரு தோட்டத்துப் புள்ளையோட கடன். தப்புன்னு சொல்லல, வாங்குறப்ப தெரிஞ்சு வாங்கட்டும்.

அந்த அக்கா நல்லாத்தான் வந்தாங்க, 800 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்கு ஒரு கடைய எடுத்து ரெண்டு மேசை போட்டாங்க. வியாபாரம் சூடு பிடிச்சதும் கடையோட சொந்தக்காரரு 1,500 கேட்டாரு. சம்பல்ல ருசி கூட்டினது அக்கா, வாடகைய கூட்டினது அவரு. கடைய விட்டுட்டு திரும்ப மோட்டார் பின்னாடி டப்பா கட்டினாங்க. அப்பறம் 2020 மார்ச் 18, எம்சிஓ (கோவிட் நடமாட்டத் தடை), பிள்ளைங்க நடமாட்டமே இல்ல. நோட்டுல இருந்த கோடெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. கிளந்தான் நெட்டையன் மட்டும் ரொம்ப நாள் கழிச்சு ஃபோன் பண்ணி அக்கவுண்ட் நம்பர் கேட்டானாம், அக்கா அத இன்னமும் சொல்லிக்கிட்டு திரியறாங்க.

இப்ப உன் சோம்பேறி வரிக்கு வரேன். அதப் படிச்சிட்டு ஃபோன கவுத்து வச்சுட்டேன். யாருடா சோம்பேறி? காலையில பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்னு மழையோ வெயிலோ பால் வாளி தூக்கினவளா? லயத்து வீடு கம்பெனி வீடு, வேலை இருக்கறவரைக்கும் வீடு, வேலை போச்சுன்னா வீடும் போச்சு. மேனேஜ்மெண்ட கேக்காம பின்பக்கம் கோழிக்கூடு கட்ட முடியாது, அவன் எங்கேர்ந்து ஸ்டூடண்டுக்கு ரூம் விடறது? மூணு தலைமுறை அதே மண்ணுல பொறந்து அதே மண்ணுல புதைஞ்சு, ஆனா பேர்ல ஒரு சாண் நிலம் இல்ல. யூனிவர்சிட்டி வந்ததும் நிலம் விலை ஏறும், ஏறின விலை யார்கிட்ட கிராண்டு இருக்கோ அவருக்கு. நம்மளுக்கு என்ன வரும்னு கேளு, ஜாகா (காவல்கார) வேலை, கக்கூஸ் கழுவற வேலை, அதுவும் யூனிவர்சிட்டி நேரா குடுக்காது, எங்கேர்ந்தோ வர்ற கொந்திராக்காரன் (காண்ட்ராக்டர்) குடுப்பான், குறைஞ்சபட்ச சம்பளம் 2025லேர்ந்து 1,700 வெள்ளி, அவ்ளோதான். கொந்திராக் கைமாறினா பழைய ஆளு புது ஆளு ஆயிடுவா, பத்து வருஷம் பெருக்கினவளுக்கும் மறுபடி முதல் நாள் லீவுக் கணக்கு. வாய்ப்பு வாசல்ல நிக்குதுன்னு எழுதற, முதல்ல வாசல் யாருதுன்னு பாரு.

நம்ம ஆளுங்க குடுக்கத் தெரியாதவங்களும் இல்ல. 1950கள்ல மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய இயல் துறைக்காகவும் தமிழ் நூலகத்துக்காகவும் பத்திரிகைக்காரர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்"னு நிதி திரட்டினப்ப தோட்டத்துச் சனங்க குடுத்தாங்க. யூனிவர்சிட்டியால ஊருக்கு என்ன லாபம்னு இப்ப கேக்கறோம், அப்ப யூனிவர்சிட்டிக்கு காசு போனதே நம்ம லயத்துலேர்ந்து. சிதம்பரத்துல 1929ல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழும்பினதுகூட கடல் தாண்டி வட்டிக்கடை வச்ச செட்டியார் குடும்பத்துப் பணத்துலதான், சரி அது வேற பாதை, அங்க போனா திரும்பி வர மாட்டேன்.

நிலத்துக்கே வரேன். 1950கள் கடைசியில வெள்ளைக்காரன் தோட்டத்த வித்துட்டு கெளம்ப, வாங்கினவன் துண்டு துண்டா போட்டு வித்தான், நம்ம சனங்க சட்டி பானையோட ரோட்டுக்கு வந்துச்சு. 1960ல, அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமா ஏறி எறங்கி பத்து பத்து வெள்ளியா சேத்து தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, அந்தக் காசுல மொதல்ல வாங்கினது கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டம். பால் வெட்டினவனே தோட்டத்துக்கு பங்குதாரன். அதுக்கப்பறம் வந்த குறையெல்லாம் எனக்கும் தெரியும், யாரும் கமெண்ட்ல வந்து வகுப்பு எடுக்க வேணாம். பத்து வெள்ளிக்கு வழியில்லாத காலத்துல சேந்து வாங்கினாங்க, இப்ப ஆளுக்கு ஒரு ஈபிஎஃப் இருக்கு, ஆளாளுக்கு தனித்தனியா ஏஜெண்ட் பின்னாடி ஓடறோம். உங்க தாமான்ல உங்கப்பா மாதிரி தோட்டத்த விட்டு வந்தவங்க பத்து பேராவது இருப்பாங்க. சேந்து ஒரே ஒரு கடைவீடு வாங்க முடியாதா? கீழ நம்ம பொம்பளைங்க சமைக்கட்டும், வாடகைய எவனும் ஏத்த மாட்டான், மேல நாலு ரூமு. இதச் சொன்னா சிரிப்பீங்க. நம்மளுக்கு கோயில் கமிட்டியில சண்டை போடவே நேரம் பத்தல.

உன் கேள்விய மறந்துட்டேன் பாரு. அப்பா ரெண்டு வீடு வாங்க வேணாம். அம்மா சொல்றத கேளுங்க. ஒண்ணு வாங்கறதா இருந்தாலும் யூனிவர்சிட்டியே வராட்டியும் ஒரு சாதாரண குடும்பம் குடியிருக்கற மாதிரி எடமா, அந்த வாடகையில பேங்க் தவணை கட்டற மாதிரி விலையா இருக்கணும், ஏன்னா செமஸ்டர் லீவுல ரூமு காலி, ஆனா பேங்க்காரனுக்கு லீவு கிடையாது. டெபாசிட்டுக்கு முன்னாடி நீயே மஜ்லிஸ் டாயேராவுக்கு (மாவட்ட மன்றத்துக்கு) போ, உள்ளூர்த் திட்ட வரைபடத்த காட்டச் சொல்லு, அந்த நிலம் கட்டடத்துக்கு மாத்தியாச்சா இல்ல இன்னும் விவசாய நிலமாவே கிடக்கான்னு நில அலுவலகத்துல கேளு. கேம்பஸ்ல ஹோஸ்டல் கட்டறாங்களா, எத்தன கட்டிலு, இது ரொம்ப முக்கியம். அப்பறம் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டம்னா துண்டு போட்டு விக்க எஸ்டேட் லேண்ட் போர்டு அனுமதி வேணும், அது வாங்கினாங்களா, இன்னும் லயத்துல இருக்கறவங்களுக்கு வீட்டுக்கு என்ன ஏற்பாடுன்னு கேளு. கவுண்டர்ல இருக்கறவங்க நாளைக்கு வான்னுவாங்க, நாளைக்கும் போ.

ஆய்வெல்லாம் தேடிப் படிக்கற பையன், இத மட்டும் ஏன் அடுத்தவன் வாயில கேட்டு எழுதற? போயிட்டு வந்து எழுது. லயத்துல இப்ப எத்தன குடும்பம் இருக்குன்னும் சேத்து எழுது, உன் கடிதத்துல அது இல்ல.

அக்கா