யார் தண்டிப்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கால்பந்தில் ஏற்படும் தலைக்காயங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் ஒஹாயோவில் பல வருடங்களாக இருக்கிறேன். என் மகன் பள்ளி அணியில் சேர வேண்டும் என்று நச்சரிப்பதால் இதையெல்லாம் தேடிப் படிக்கிறேன். கட்டுரையில் ஒரு இடம் இடறுகிறது. வீரர்களின் மூளையைக் காப்பாற்ற, அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் போதுமானதைச் செய்யவில்லை என்கிறீர்கள். அதே கட்டுரையில், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் வீரர்கள் மீதான தடை ரத்தானது சரிதான் என்றும் எழுதுகிறீர்கள். எதிரணி ஆளைக் காயப்படுத்தி வெளியே அனுப்பினால் பணம் என்று ஆடியவர்களுக்கு ஒரு வருடத் தடை அதிகமா? கடுமையாகத் தண்டித்தால்தானே பயம் இருக்கும்? இரண்டும் முரணாக இல்லையா?

கே., ஒஹாயோ

அன்புள்ள கே.,

அந்த விவகாரத்தைக் கேள்விப்படும் யாருக்கும் உங்களுக்கு வந்த கோபம்தான் வரும், வரவும் வேண்டும். கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2009 முதல் 2011 வரை மூன்று சீசன்கள், செயின்ட்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர்களிடையே ஒரு பணப் பரிசுத் திட்டம் ஓடியது. நடத்தியவர் தடுப்பாட்டப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ். எதிரணி ஆள் திரும்பி வர முடியாதபடி அடித்தால் 1,500 டாலர், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்படி ஆனால் 1,000 டாலர் என்று கணக்கு இருந்ததாக லீக்கின் விசாரணை சொன்னது. 2010 ஜனவரியில் மின்னசோட்டாவுடனான என்எஃப்சி (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தில், அந்த அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வை வெளியேற்றுகிறவருக்கு 10,000 டாலர் தருவதாக, செயின்ட்ஸின் லைன்பேக்கர் (தடுப்பாட்ட வீரர்) ஜொனாதன் வில்மா அறிவித்தார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. வில்மா அதைக் கடைசிவரை மறுத்தார். ஃபார்வுக்கு அப்போது 40 வயது. அன்று அவர் வாங்கிய அடிகளை இப்போது பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

2012இல் லீக்கின் தலைவரான கமிஷனர் ரோஜர் குடெல் தண்டனைகளை அறிவித்தார். தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு ஒரு முழு சீசன் தடை, வில்லியம்ஸுக்குக் காலவரையற்ற தடை. அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம், இரண்டு வருடங்களின் இரண்டாம் சுற்று ட்ராஃப்ட் (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்) வாய்ப்பும் போனது. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. வீரர்களில் வில்மாவுக்கு ஒரு முழு சீசன், ஆண்டனி ஹார்க்ரோவுக்கு 8 ஆட்டங்கள், வில் ஸ்மித்துக்கு 4, ஸ்காட் ஃபுஜிட்டாவுக்கு 3 என்று தடை விழுந்தது. நான் பேசியது இந்த நால்வரைப் பற்றி மட்டும்தான்.

இவர்களை விசாரித்தது குடெலின் அலுவலகம். தண்டனை கொடுத்தது குடெல். மேல்முறையீடு செய்யவேண்டியதும் குடெலிடமே. விசாரணையில் திரட்டியதில் ஒரு சின்னப் பகுதியைத்தான் வீரர்கள் தரப்புக்குக் காட்டினார்கள். வீரர்கள் விடாமல் போராடினார்கள். செப்டம்பரில் ஒரு மேல்முறையீட்டுக் குழு அந்தத் தடைகளை விலக்கியது, குடெல் கொஞ்சம் மாற்றி மறுபடியும் விதித்தார். கடைசியில் எதிர்ப்பு தாங்காமல் அவர் ஒதுங்கிக்கொண்டு, தனக்கு முன்பு கமிஷனராக இருந்த பால் டாக்லியபூவை மேல்முறையீட்டைக் கேட்கச் சொன்னார்.

டாக்லியபூ வீரர்களின் ஆள் இல்லை. 17 வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர், குடெலுக்கு மேலதிகாரியாக இருந்தவர். நடந்தவை பற்றிய குடெலின் கண்டுபிடிப்புகளை அவர் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். ஃபுஜிட்டா விஷயத்தில் மட்டும் தண்டிக்கும்படி ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் 2012 டிசம்பர் 11 அன்று நான்கு பேரின் தடையையும் ரத்து செய்தார். பயிற்சியாளர்களும் அணி நிர்வாகத்தில் இருந்தவர்களும் இந்த வழக்கையே கெடுத்துவிட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஹார்க்ரோவைப் பாருங்கள். விசாரிக்க ஆட்கள் வந்தால் எதுவும் தெரியாது என்று சொல் என அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பயிற்சியாளர்கள். அந்தப் பொய்க்காகத்தான் அவருக்கு 8 ஆட்டத் தடை. ரத்தாகி என்ன பிரயோஜனம்? அதன் பிறகு அவர் என்எஃப்எல்லில் ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடவில்லை. வில்லியம்ஸோ 2013இலேயே டென்னசி அணியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

2012 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுடனான ஆட்டத்துக்கு முன் வில்லியம்ஸ் பேசிய பேச்சு பின்னால் ஒலிப்பதிவாக வெளியே வந்தது. எதிரணியில் ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்த ஒருவரைக் குறிவைக்கச் சொல்கிறார். இன்னொருவரின் முழங்காலைக் காட்டுகிறார். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் 24 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். என்எஃப்எல்லில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழுச் சம்பளத்துக்கு உத்தரவாதம் கிடையாது, அணி நினைத்தால் அடுத்த வாரமே வெளியே அனுப்பலாம். எழுந்து நின்று “முடியாது கோச்” என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமா? சொல்லாதது தப்பில்லை என்று நான் வாதாடவில்லை. அந்தத் தப்பை அளக்கும்போது அவன் உட்கார்ந்திருந்த இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

சரி, வீரர்களைத் தண்டிக்கவே கூடாதா? தண்டிக்க வேண்டும். 2019இல் ஓக்லண்ட் லைன்பேக்கர் வான்டேஸ் பர்ஃபிக்ட், இண்டியானாபொலிஸ் வீரர் ஒருவரின் தலையில் ஹெல்மெட்டால் மோதினார். முன்பு பல முறை அபராதமும் தடையும் வாங்கியவர். அந்த சீசனின் மீதி 12 ஆட்டங்களுக்கும் அவருக்குத் தடை. முழு மனதோடு ஆதரிக்கிறேன். விதி என்னவென்று அவருக்குத் தெரியும், எச்சரிக்கை பலமுறை வந்தது, வீடியோவை நாடே பார்த்தது. அதைவிட முக்கியம், அவருடைய மேல்முறையீட்டைக் கேட்டவர் டெரிக் புரூக்ஸ். டாம்பா பே அணியின் பழைய லைன்பேக்கர், லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து நியமித்தவர். பர்ஃபிக்ட் செய்த அதே வேலையை வருடக்கணக்கில் செய்தவர், இந்த அடியைத் தவிர்த்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தால், அதை லாக்கர் ரூமில் யாரும் சதி என்று சொல்ல மாட்டார்கள்.

பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கமிஷனரின் கோபம் எப்போது யார் மேல் விழும் என்று தெரியாவிட்டால் வீரன் பயப்படுவான், ஆனால் தான் ஆடும் விதத்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று அவனுக்குத் தெரியாது. எந்த அடிக்கு என்ன விலை என்று தெளிவாகத் தெரிந்தால்தான் எதிரணி ஆளைப் பிடித்து வீழ்த்தும்போது (டேக்கிள்) தலையைத் தூக்கிக்கொள்வான். 2017இல் லீக்கின் கணக்கில் 281 தலையதிர்ச்சிக் காயங்கள். 2018இல் 214. அந்த வருடம் தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் முட்டுவதைத் தடுக்கும் விதி வந்தது, ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்காஃபின் விதிகள் மாறின, தரமில்லாத ஹெல்மெட்டுகளை ஒதுக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிச் செய்த மாற்றங்கள் இவை.

உங்கள் கடிதம் தொடாத இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு அதிகம் வலிப்பது அதுதான். 1994இல் லீக் அமைத்த தலைக்காயக் குழுவுக்குத் தலைவராகப் போட்டவர் எலியட் பெல்மன், மூட்டுவாத மருத்துவர். பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த பென்னட் ஒமாலு, சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோயைக் கண்டு 2005இல் எழுதியபோது, அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டது இதே குழு. இதற்காக எத்தனை ஆட்டத் தடை, யாருக்கு?

2022 செப்டம்பர் 25 அன்று மயாமி குவார்ட்டர்பேக் டூவா டாகோவைலோவாவின் தலை தரையில் மோதியது. எழுந்து நடக்கும்போது கால் தள்ளாடியது, டிவியில் பார்த்த குழந்தைக்கும் அது தெரிந்திருக்கும். முதுகு வலி என்று சொல்லி அன்றே மறுபடி ஆடவிட்டார்கள். நான்கே நாளில் சின்சினாட்டியில் இன்னொரு அடி. விரல்கள் விறைத்துக் கோணிக்கொண்டு கிடந்தார். வீரர்கள் சங்கம் முதல் ஆட்டத்தில் பரிசோதித்த நரம்பியல் மருத்துவ ஆலோசகரை நீக்கியது. அக்டோபர் 8 அன்று, தள்ளாட்டம் தெரிந்தாலே திரும்ப இறக்கக் கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். லீக்கும் சங்கமும் சேர்ந்து விசாரித்து, இருந்த நடைமுறை பின்பற்றப்பட்டது என்றார்கள். அணிக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஹெல்மெட்டால் முட்டியவனுக்கு அடுத்த நாளே தடை வருகிறது. முட்டு வாங்கியவனைத் திரும்ப இறக்கிவிட்டவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை கீழே இருப்பவன் மேல் மட்டும் பாய்வதை நான் எதிர்ப்பது வீரர்களின் பாதுகாப்புக்காகத்தான்.

அப்புறம், உங்கள் மகன். சேர்ப்பதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 2009இல் வாஷிங்டன் மாநிலத்தில் லைஸ்டெட் சட்டம் வந்தது. 13 வயதில் தலையில் அடிபட்டு, அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கப்பட்டு, உடல் செயலிழந்த ஒரு பையனின் பெயர் அது. இளம் வீரருக்குத் தலையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் ஒப்புதல் தராமல் திரும்ப இறக்கக் கூடாது என்பது சட்டம். 2014க்குள் ஒஹாயோ உட்பட எல்லா மாநிலங்களும் இதுபோன்ற சட்டம் கொண்டுவந்துவிட்டன.

பள்ளிக்குப் போகும்போது கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: ஆட்டத்தின்போது மைதான ஓரத்தில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கத் தகுதி பெற்ற ‘அத்லெட்டிக் டிரெய்னர்’ இருப்பாரா, அவர் வேண்டாம் என்றால் கோச்சால் அதை மீற முடியுமா, வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி, சீசனுக்கு முன்பே நினைவாற்றல் சோதனை எடுத்து வைக்கிறார்களா. இரண்டாவது கேள்விக்கு அவர் தயங்கினால், அந்த அணியில் பையனைச் சேர்க்காதீர்கள்.