பேஸ்பாலில் ‘ஸ்குவீஸ் பிளே’ என்றால் என்ன? அன்றாடப் பேச்சில் அதை எப்போது சொல்கிறார்கள்?

ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓடவேண்டிய மூன்று பேஸ்களில் கடைசியான மூன்றாவது பேஸில் ஒரு ரன்னர் நிற்கிறார், அவுட் ஆனவர்கள் ஒருவருக்கு மேல் இல்லை, எப்படியாவது ஒரு ரன் வேண்டும். அப்போது பேட்டர் மட்டையைச் சுழற்றாமல் குறுக்கே பிடித்து, கிரிக்கெட்டில் தட்டிவிட்டு ஓடுவதுபோல, பந்தைப் பக்கத்திலேயே உருட்டிவிடுவார். அதுதான் பன்ட். யாராவது ஓடிவந்து பந்தை எடுத்து எறிவதற்குள் ரன்னர் பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட வேண்டும். பேட்டர் முதல் பேஸில் அவுட் ஆனாலும் கவலையில்லை, ரன் வந்துவிடும்.

பந்து தரையில் உருள்வதைப் பார்த்தபிறகு ரன்னர் கிளம்பினால் அது சேஃப்டி ஸ்குவீஸ். பந்து எறிகிற பிட்சர் பந்தை விடும்போதே கிளம்பிவிட்டால் சூசைட் ஸ்குவீஸ், எனக்குப் பிடித்தது இதுதான். பேட்டர் கோட்டைவிட்டால் பந்து பின்னால் இருக்கும் கேட்சர் கையில் இருக்கும், ரன்னர் பாதி வழியில் நிற்பார், அப்புறம் தப்பிக்க வழியே இல்லை. அதனால் எவ்வளவு தள்ளிப் போகிற பந்தானாலும் பேட்டர் எட்டித் தொட்டே ஆகவேண்டும்.

இரண்டு ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிராக எண்ணப்படும் பந்து, மூன்று ஆனால் அவுட்) விழுந்தபிறகு பன்ட் ஃபவுலாக, அதாவது கோட்டுக்கு வெளியே, போனால் பேட்டர் அவுட், எனவே அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் துணிய மாட்டார்கள். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில், 2016-இன் ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், 6-6 என்று இருக்கும்போது, சிகாகோ கப்ஸ் அணியின் ஹாவியர் பயஸ் துணிந்தார். ஃபவுல், அவுட். பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்ததால் மனிதர் பிழைத்தார், இல்லையென்றால் சிகாகோக்காரர்கள் இன்றும் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் என்கிற இடத்தில் ஒருவரை நிறுத்தி, நெருக்கியே காரியத்தைச் சாதிப்பதை அமெரிக்கர்கள் ஸ்குவீஸ் பிளே என்பார்கள். நல்ல உதாரணம் அல்கோவா என்கிற அமெரிக்க அலுமினியக் கம்பெனி. அலுமினியக் கட்டியை அதிக விலைக்கு விற்றுக்கொண்டே, அதில் செய்த தகட்டைத் தானே மலிவாகவும் விற்றது. கட்டி வாங்கித் தகடு செய்து பிழைத்த கம்பெனிகள் நடுவில் நசுங்கின. அது சட்டவிரோதம் என்று 1945-இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது.

ஆனால் பேச்சில் ஆட்டத்தின் பாதி காணாமல் போய்விட்டது என்பேன். ஆட்டத்தில் நெருக்குகிறவர்தான் தன் ஆளைப் பணயம் வைக்கிறார், அல்கோவாவுக்கு அப்படிப் பெரிதாக எந்த ஆபத்தும் இல்லை. மாதச் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வேலைநிறுத்தத்தில் இறங்கி முதலாளியை நெருக்குகிற தொழிற்சங்கம்தான் என் கணக்கில் அசல் சூசைட் ஸ்குவீஸ்.