ரெக்கார்டிங்கில் கடைசி சீன் மட்டும் ஏன் விழுவதில்லை? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அம்மா ராத்திரி 9 மணி சீரியலை செட்டாப் பாக்ஸில் ரெக்கார்டு போட்டுவிட்டுத் தூங்கப் போவார். அடிக்கடி "தொடரும்" வருவதற்குள் நின்றுவிடுகிறது. பாக்ஸ் கோளாறா?

பதில்: பாக்ஸ் மேல் தப்பில்லை தம்பி. சீரியல் முடிந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது, நிகழ்ச்சி அட்டவணையில் 9.00 முதல் 9.30 என்று இருந்தால் அந்த அரை மணியைப் பதிந்துவிட்டு நின்றுவிடும். முந்தைய சீரியல் நாலு நிமிஷம் இழுத்தாலோ விளம்பரம் கூடினாலோ எல்லாமே தள்ளிப்போகும், அட்டவணையை மட்டும் யாரும் திருத்த மாட்டார்கள். முடிவு நேரத்தைக் கூட்டும் வசதி இருந்தால் பத்து நிமிஷம் கூட்டிவையுங்கள். இல்லையென்றால் அதே சேனலில் அடுத்து வருவதையும் சேர்த்துப் போட்டுவிட்டு, பார்த்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: சீரிஸ் ரெக்கார்டிங் போட்டிருந்தும் மகாசங்கமம் வந்த வாரம் பாதிதான் கிடைத்தது.

பதில்: இரண்டு சீரியலைச் சேர்த்து ஒரு மணி நேரமாக ஓட்டுகிறார்கள், ஆனால் அட்டவணையில் பழையபடி இரண்டு அரை மணிகளாகவே இருக்கலாம், அல்லது பெயரே மாறியிருக்கலாம். உங்கள் பாக்ஸ் ஒரு பெயரைத்தான் தேடும். அந்த வாரம் மட்டும் சேனலையும் நேரத்தையும் நீங்களே கொடுத்து முழு ஒரு மணி நேரத்துக்குப் போடுங்கள்.

கேள்வி: கிரிக்கெட்டுக்கு?

பதில்: குறைந்தது ஒரு மணி நேரம் கூட்டுங்கள். மழை, சூப்பர் ஓவர், எதையும் அட்டவணை எதிர்பார்ப்பதில்லை.

கேள்வி: இதற்கு நிரந்தரத் தீர்வே கிடையாதா சார்?

பதில்: ஏன் இல்லை? ஜெர்மனியில் 1985-லேயே வி.பி.எஸ். என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியை ஒளிபரப்புவார்கள், வீட்டு வீடியோ ரெக்கார்டர் அந்தக் குறி வரும்வரை காத்திருந்து, அது போகும்வரை பதியும், அதனால் செய்தி நீண்டு படம் இருபது நிமிஷம் தாமதமானாலும் முடிவு தப்பாது. டிஜிட்டல் ஒளிபரப்பிலும் இப்போது ஓடுவது எது, அடுத்தது எது என்று சொல்லும் சிக்னல் உண்டு, பிரிட்டனில் ஃப்ரீவியூ என்ற இலவச டி.வி. சேவைக்கான ரெக்கார்டர்கள் அதைப் பார்த்துத்தான் பதிகின்றன. ஆனால் நிகழ்ச்சி மாறும் அந்த நொடியில் சேனல் அந்த சிக்னலை மாற்ற வேண்டும். சந்தா கட்டிப் பார்க்கிற மக்களுக்கு நம் சேனல்கள் இந்த மரியாதையைச் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: நான் பென் டிரைவில் பதிகிறேன். எச்.டி. படம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் நிற்கிறது.

பதில்: எப்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் இது அட்டவணைப் பிரச்சினை இல்லை. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்.டி. சேனலில் அது ஏறத்தாழ 70 நிமிஷத்திலேயே நிரம்பிவிடும். பாக்ஸ் ஏற்றுக்கொண்டால் என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றுங்கள். அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், ஃபார்மேட் செய்தால் எல்லாம் போய்விடும்.