கதவைச் சாத்தியதால் போன வேலை

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 2011 முதல் 14 ஆண்டுகள் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். அமெரிக்கா வரி போட்டதால் ஆர்டர் இல்லை என்று சொல்லி 2025 செப்டம்பரில் எங்கள் பிரிவில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்தே என் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இல்லை, ஒப்பந்ததாரர் பட்டியலில்தான் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கல்லூரியில் படிக்கும் மகன், “எல்லாம் உலகமயமாக்கல் செய்த வேலை, நாடு கதவைச் சாத்திக்கொண்டால் நம் வேலை நமக்கே இருக்கும்” என்கிறான். அவன் சொல்வது சரியா? நான் யாரிடம் போய்க் கேட்பது?
– வாசகி, திருப்பூர்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் காட்டும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இப்படிச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உங்கள் வேலை போன விதத்தையே முதலில் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களின் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியது. அதில் பாதிக்கு, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் இத்தகைய வரிகளுக்கு அங்கே பொதுவாகச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று, தம் நாட்டு வேலைகளை அயல்நாட்டார் பறித்துவிட்டார்கள், இறக்குமதியைத் தடுத்தால் அவை திரும்பி வரும் என்பது. உங்கள் மகன் இந்தியாவுக்குச் சொல்லும் மருந்தும் இதுவே அல்லவா? அந்த மருந்தை இன்னொரு நாடு குடித்தபோது, கடலுக்கு இந்தப் பக்கம் செக்கிங் மேசையில் நின்றுகொண்டிருந்த உங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. உங்களுக்கு 14 ஆண்டுகள் கூலி கொடுத்தது திறந்திருந்த கதவு. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது என்னும்போது, கதவைச் சாத்தும்படி அந்த ஊரிலிருந்தே ஒருவர் கேட்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அப்படியானால் உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி எது? உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நீங்கள் கடந்துபோன செய்திதான் அது: அதே மேசை, அதே வேலை, ஆனால் பெயர் மட்டும் ஒப்பந்ததாரர் பட்டியலில். இந்தப் பழக்கத்தின் வேர், இந்தியா தன் சந்தையைத் திறந்துவிட்ட 1991-க்கு முந்தையது. 1984-இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் ஒரே கூரையின் கீழ் நடந்த வேலை வேகமாகச் சிதறியது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் பவர்டேபிள் எனப்படும் சிறு தையல் பட்டறைகளுக்கு, கைமடிப்பும் பிசிர் வெட்டுவதும் வீட்டுத் திண்ணைக்கு என்று பிரிந்தபோது, சங்கம் பேச வேண்டிய முதலாளி யார் என்பதே மங்கிப்போயிற்று. சட்டத்தின் எண்ணிக்கைகளும் இதற்குத் துணை நின்றன. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. பொருந்தக் குறைந்தது பத்துப் பேர், வருங்கால வைப்பு நிதி பொருந்த இருபது பேர் வேலை செய்ய வேண்டும் என்றால், எட்டு மெஷின் போட்ட பட்டறைகள் பெருகுவதில் என்ன வியப்பு? அந்தப் பட்டறையில் பாதுகாப்பு இல்லாமல் தைப்பவருக்கு, அவர் தைப்பது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போகிறதா ஈரோட்டுச் சந்தைக்குப் போகிறதா என்பதால் ஒரு மாற்றமும் இல்லை. உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் தைக்கும் பட்டறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு உங்கள் மகன் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டையும் நினைவுபடுத்துகிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஊரே வேலையின்றித் தவித்தது. அதை எந்த அயல்நாடும் செய்யவில்லை. நொய்யலில் விட்ட கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்மடை உழவர்களின் மண்ணையும் கிணற்றையும் கெடுத்ததால் வந்த விளைவு அது. சுத்திகரிப்புக்குச் செலவிட வேண்டிய பணத்தைப் பல ஆண்டுகள் மிச்சம் பிடித்தவர்கள் ஒரு சிலர். அதற்கான விலையைக் கூலியிழந்து கொடுத்தவர்கள் வேறு பலர்.

வெளிநாட்டு வணிகர்களை நான் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. ஒரு சட்டைக்கு ஐந்து சென்ட் குறையும் என்றால் பத்தாண்டு உறவை முறித்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்ததில் அந்த விலை நெருக்கடிக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் வங்கதேசம் நம் ஆர்டரைப் பறிக்கிறது என்ற பேச்சைக் கேட்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாட்டுக்குச் சுங்க விலக்கு அளித்தது. அதனால் பெருகிய ஆடைத் தொழிலில் இன்று ஏறக்குறைய நாற்பது லட்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உங்களைப் போன்ற பெண்கள். அவர்கள் வீட்டில் அடுப்பெரிவது நமக்கு எதிரான குற்றமல்ல.

ஏற்றத்தாழ்வு பெருகியிருப்பது உண்மை. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்குப்படி 2022-23-இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம், மேல்தட்டு ஒரு சதவீதத்தாரிடம் போயிருக்கிறது. இதற்கும் வாணிபத்தையே பழி சொல்வது, முடிவெடுத்தவர்களைத் தப்ப விடுவதாகும். இறந்தவர் சொத்தின் மீதான வரி 1985-இல் நீக்கப்பட்டது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் ஒழிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரி 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவை மூன்றும் டெல்லியில் எடுத்த முடிவுகள். டென்மார்க், நெதர்லாந்து போன்ற நாடுகள் நம்மைவிட எவ்வளவோ அதிகமாக அயல் வாணிபத்தை நம்பியிருந்தும், அங்கே வருமான இடைவெளி குறைவாகவே இருக்கிறது. வந்த பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமும் சங்கமும்தான் தீர்மானிக்கின்றன. உலகமயமாக்கலைத் திட்டிக்கொண்டே இருப்பது நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் பலருக்கு வசதியானது, ஏனென்றால் அதன் வாசலில் போய் யாரும் மனுக் கொடுக்க முடியாது.

நீங்கள் மனுக் கொடுக்கக்கூடிய வாசல்கள் இருக்கின்றன. நீங்கள் நிறுத்தப்பட்ட 2025 செப்டம்பரில் நடப்பிலிருந்த 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து, 15 நாள் கூலியை 14 ஆண்டுகளுக்குக் கணக்கிட ஏறக்குறைய 97,000 ரூபாய் வரும். நாள் கடந்துவிட்டது என்று சொன்னால் ஒதுங்கிப் போகாதீர்கள். தகுந்த காரணம் காட்டினால் தாமதமான மனுவையும் ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தியிருந்தால் ஒரு மாதச் சம்பளமும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் ஆட்குறைப்பு இழப்பீடாகத் தனியே கேட்கலாம். ஒப்பந்ததாரர் வைப்பு நிதியைக் கட்டாமல் விட்டிருந்தால் கம்பெனிக்கே அதில் பொறுப்பு உண்டு. பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, உங்கள் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சங்கத்தாரின் துணையோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். உங்களுடன் நிறுத்தப்பட்டவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பத்துப் பேர் ஒன்றாகப் போனால் கேட்கும் முறையே மாறும்.

மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் வைப்பு நிதிக் கணக்கின் பாஸ்புக்கை இணையத்தில் எடுத்து, எந்த மாதத்தில் கம்பெனியின் பெயர் மறைந்து ஒப்பந்ததாரரின் பெயர் வந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கணக்குப்படி அது 2013, 2014 வாக்கில் இருக்கும். அப்போது அமெரிக்காவின் இந்தக் கூடுதல் வரி இல்லை. திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் நீங்கள் எத்தனை இரவுகள் ஓவர்டைம் பார்த்தீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.