படம் சுவரில், சத்தம் பழைய அம்பிளிபயரில்: பிரித்து அனுப்ப முடியுமா?

லப்டொப்பிலிருந்து படத்தைப் புரொஜெக்டருக்கும் சத்தத்தைப் பழைய அம்பிளிபயருக்கும் பிரித்து அனுப்பலாமா, அம்பிளிபயரில் எச்டிஎம்ஐ இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். எங்கள் வீட்டைப்போல் உங்களிடமும் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த செற்தான் இருக்கிறது என்று நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு முல்லைத்தீவு விசுவமடுவில். அப்பாவுக்கு 2009 போருக்குப் பிறகு வலது காது கேட்பதில்லை, மற்றதும் பாதிதான். கதைப்பவரின் வாயைப் பார்த்துத்தான் மிச்சத்தை விளங்கிக்கொள்வார். தொண்ணூறுகளில், போரால் எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவரவும் தடை இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட மனிசன். அவருக்காகத்தான் இந்தப் பாடெல்லாம் பட்டேன்.

முதலில் சத்தத்தை புளூடூத்தில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அப்பா, "தம்பி, வாய் மூடின பிறகுதான் கதை வருது" என்றார். எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. புளூடூத்தில் சத்தம் ஐந்தில் ஒரு விநாடி வரை பிந்தும். வாயைப் பார்க்கிறவருக்கு அது போதும், எல்லாம் குழம்பிவிடும். ஆகவே வயர்தான்.

எச்டிஎம்ஐ வயரில் படமும் சத்தமும் ஒன்றாகவே போகும். நடுவில் வைத்துச் சத்தத்தை மட்டும் வெளியே எடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு, ஓடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பிளிட்டர் வேறு. அது ஒரே எச்டிஎம்ஐயை இரண்டு எச்டிஎம்ஐயாக்கும், அவ்வளவுதான். நகரத்துக் கடையில் எனக்கு அதைத்தான் தலையில் கட்டினார்கள், பஸ்ஸில் போய் மாற்றி வந்தேன். எக்ஸ்ட்ராக்டரில் சின்ன சுவிட்ச் இருக்கும். உங்கள் அம்பிளிபயரில் சிவப்பு, வெள்ளைத் துளைகள் மட்டும் என்றால் இரண்டு சனலில் (இடது, வலது) வையுங்கள். ஆறு சனல் சத்தத்துக்கான 5.1இல் விட்டால் சில படங்களுக்குச் சத்தமே வராது, பெட்டி பழுது என்று நினைப்பீர்கள்.

"ஏஆர்சி உள்ள ரீவி வாங்கினால் முடிந்ததே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். ரீவியிலிருந்து சத்தத்தை அதே எச்டிஎம்ஐ வயரில் அம்பிளிபயருக்குத் திருப்பி அனுப்பும் வசதிதான் ஏஆர்சி. சரி, 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இலிருந்தே அது இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அம்பிளிபயரிலும் அது இருக்க வேண்டுமே. கையில் இருப்பதை வைத்து எப்படிச் செய்வது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள்.

பெட்டியை இணைத்ததும் எங்களுக்கு ஒரே இரைச்சல். லப்டொப்பைத் தொட்டால் விரலில் சுள்ளென்றது. கடைசியில் பார்த்தால் மூன்று துளைப் பிளக் பொயின்ற் எல்லாவற்றிலும் எர்த் வயர் சுவருக்குள் சும்மா கிடக்கிறது. வீட்டுத்திட்ட வீடு, வயரிங் செய்தவர் முடித்துவிட்டேன் என்று காசும் வாங்கிப் போய்விட்டார். அந்த வீட்டில் குழந்தைகள் நடமாடுகிறார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. எங்கள் வரிசையில் இன்னும் நான்கு வீடுகளில் இதே கதை. படம் பார்ப்பதை விடுங்கள், முதலில் ஆளைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். எர்த் கொடுத்த பிறகு எங்கள் இரைச்சல் போய்விட்டது. உங்கள் அம்பிளிபயரில் ஒப்டிக்கல் துளை இருந்தால் அதையே பாவியுங்கள். அதில் வெளிச்சம்தான் போகும், இரைச்சல் அந்த வழியால் வராது.

இன்னொன்று. இப்படிப் பிரித்தால் சத்தம் முந்தும், ஏனென்றால் புரொஜெக்டர் படத்தைச் சரிசெய்து காட்டச் சற்று நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் குறைக்கும் கேம் மோட் அதில் இருந்தால் போடுங்கள். விண்டோஸ் லப்டொப்பில் விஎல்சி பிளேயரில் படம் பார்த்தால் கே விசையை ஒருமுறை அழுத்த சத்தம் 50 மில்லிவிநாடி பிந்தும், ஜே அழுத்தினால் முந்தும். அப்பாவைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாக அழுத்தினேன். மூன்றாவது தரம் கையை உயர்த்தி "அதிலேயே விடு" என்றார். லப்டொப்பின் ஓரத்தில் "கே மூன்று தரம்" என்று பிளாஸ்ரரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இப்போது நான் வீட்டில் இல்லாவிட்டாலும் அவரே அழுத்திக்கொள்கிறார்.