ரோமர் 12-ஐ ரெண்டாம் வசனத்தோட நிறுத்தாதீங்க

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் அருமனை பக்கம். கொறே வருசம் சவூதியில இருந்தேன், கம்பெனியில ஆள குறைச்சப்ப வேலை போச்சு. வீடு வச்ச கடன் அப்டியே நிக்குது. அம்மைக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு சைடு வராது, பேச்சும் போச்சு. இப்ப காலைல ஹெட்லைட்ட கட்டிகிட்டு எங்க ரப்பர்ல நானே பால் வெட்டுதேன். "மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்"னு பைபிள்ல ரோமர் 12-ஆம் அதிகாரம் ரெண்டாம் வசனத்த வச்சு சபையில ஓயாம பிரசங்கம் பண்ணுறாங்க, நானும் உபவாசம் இருந்தேன், ராத்திரி முழிச்சு ஜெபிச்சேன், மனசு வல்லாத்த பாரமா அப்டியே தான் கெடக்கு. ஒரு மூப்பர் "உனக்க கிட்ட என்னமோ பாவம் இருக்கு, அத அறிக்கை பண்ணாம விடுதல வராது"ன்னார். கர்த்தர் செஞ்ச நன்மைகள சாட்சியா சொல்ற நேரம் வந்தா நான் எழும்பி வெளிய போயிருவேன். எனக்கு விசுவாசம் இல்லாம போச்சா? அம்மைக்கு என்ன செய்யணும்னும் தெரியல. பேரு போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

மூப்பர் சொன்னத முதல்ல எடுக்கறேன், ஏன்னா அது தான் உங்கள ரொம்ப அறுக்குதுன்னு நெனைக்கேன். பைபிள்ல ஒரு தப்பும் செய்யாம பிள்ளைங்க, சொத்து எல்லாம் பறிகொடுத்த யோபுவோட சிநேகிதங்களும் இதையே தான் சொன்னாங்க, நீ ஏதோ பண்ணிருக்க, இல்லன்னா இப்டி வராதுன்னு அதிகாரம் அதிகாரமா பேசினாங்க, கடைசில கர்த்தர் கோபப்பட்டது யோபு மேல இல்ல, அவங்க மேல. "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை"ன்னு 42-ஆம் அதிகாரத்துல இருக்கு. யோபு என்ன பேசினாரு? நான் பிறந்த நாள் அழிஞ்சு போகட்டும்னு பேசினாரு, நீர் ஏன் எனக்கு முகத்த மறைக்கிறீர்னு கேட்டாரு. அவ்வளவு கேட்டவரத் தான் கர்த்தர் என் தாசன்னு சொல்றாரு. அதனால மனசு பாரமா கெடக்கறது விசுவாசம் இல்லாததுக்கு அடையாளம்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு ஏத்துக்காதீங்க. அந்த சிநேகிதங்க உருப்படியா செஞ்சது ஒண்ணே ஒண்ணு, ஏழு ராத்திரி ஏழு பகல் ஒரு வார்த்தையும் பேசாம அவரு கூட தரையில உக்காந்திருந்தாங்க. அதுக்கு அப்புறம் வாய தொறந்தப்ப தான் எல்லாம் கெட்டுது.

நம்ம ஊர்லயே யோபுவோட கதைய கேட்டு மாறின ஒரு மனுசன் இருக்காரு. நட்டாலத்துல 1712-ல பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா காலத்துல திருவிதாங்கூர் அரண்மனை உத்யோகஸ்தர். நீங்க சர்ச்சுல எந்த பிரிவா இருந்தாலும் அவரு கதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், 2022 மே 15-ல ரோம்ல அவர தேவசகாயம்ங்கற பேர்ல புனிதரா அறிவிச்சப்ப இங்க வெடி போட்டு கொண்டாடினாங்கல்ல. குடும்பத்துல நஷ்டத்துக்கு மேல நஷ்டம் வந்து மனசு உடைஞ்சு நின்னப்ப அவருக்கு யோபுவோட கதைய சொன்னது டிலனாய்னு தான் சொல்லி வர்றாங்க. அந்த டிலனாய் யாரு? 1741-ல குளச்சல் யுத்தத்துல பிடிபட்ட டச்சு ஆபீசர், சொந்த நாட்டுக்கு திரும்பாமலே இங்க இருந்து செத்து உதயகிரி கோட்டைக்குள்ள அடக்கமானவரு. எல்லாத்தையும் பறிகொடுத்த ஒருத்தன் பக்கத்துல, பிடிபட்டு வந்த இன்னொருத்தன் உக்காந்து பேசுறான், அங்க தான் தேவசகாயத்தோட மனசு திரும்புது.

பின்ன என்ன ஆச்சுன்னும் பாருங்க. 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் எடுத்தாரு, போன சொத்து ஒண்ணும் திரும்பி வரல, இருந்த உத்யோகமும் போச்சு, அடி உதை, விலங்கு, கடைசில 1752 ஜனவரி 14-ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. யோபுவுக்கு எல்லாம் ரெட்டிப்பா திரும்ப கெடச்சுது, அந்த கதைய கேட்டவருக்கு கெடைக்கல, ஆனா மனசு மாறினது உண்மை. நம்ம சாட்சி மீட்டிங்குல மட்டும் கடன் அடைஞ்சுது, விசா வந்துதுன்னு சொன்னா தான் சாட்சின்னு ஆகிப் போச்சு, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. கடன் அடையட்டும், அதுக்கு ஜெபிக்கவும் செய்யணும். ஆனா கடன் அடைஞ்சா தான் மனம் புதுசாச்சுன்னு அந்த வசனத்த எழுதின பவுல் எங்கயும் சொல்லல.

அந்த ரெண்டாம் வசனத்த சுவத்துல ஒட்டி வச்சுட்டு நாம எல்லாரும் நிறுத்திடுறோம். அதிகாரத்த கடைசி வரைக்கும் ஒரு தடவ வாசிங்க. அடுத்தாப்ல வர்றது "அநேகராகிய நாமும் கிறிஸ்துவுக்குள் ஒரே சரீரமாயிருக்க"ங்கறது, அப்புறம் "உபத்திரவத்திலே பொறுமையாயிருங்கள்", குறைவுல இருக்கறவங்களுக்கு உதவி செய்யுங்க, அந்நியர உபசரிங்க, "அழுகிறவர்களுடனே அழுங்கள்". ரூம கதவடைச்சு உக்காந்து மனச புதுசாக்கச் சொல்லல பவுல், கூட ஆளு இருக்கணும், நாம யாருக்காவது ஆளா இருக்கணும். நீங்க ராத்திரி முழிச்சு ஒத்தையில உங்களையே கிண்டி கிண்டி பாவத்த தேடுறீங்க, அது அந்த அதிகாரத்துல இல்ல.

நீங்க பால் வெட்டுறவரு, உங்களுக்கு இது நல்லா தெரியும். பட்டைய மெல்லிசா சீவினா தான் அந்த எடத்துல புதுப்பட்டை வரும், அதுக்கும் வருசக் கணக்கா ஆகும், கத்தி தடியில பட்டுட்டா அங்க பட்டை ஒழுங்கா வளராம முண்டும் முடிச்சுமா தான் வரும், பின்ன அந்த எடத்துல வெட்டவே முடியாது. ராத்திரி தோறும் மனச அப்டி ஆழமா வெட்டிட்டு இருக்கீங்க தம்பி. கொஞ்ச நாளைக்கு அந்த முழு ராத்திரி ஜெபத்தையும் உபவாசத்தையும் விட்டுடுங்க. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ படுத்துகிட்டு போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கோன்னு சொன்னப்ப தேவதூதன் பிரசங்கம் பண்ணல, சுட்ட அடையும் தண்ணியும் வச்சுட்டு எழுப்பி திங்கச் சொன்னான், தின்னுட்டு திரும்ப படுத்துட்டாரு, மறுபடியும் எழுப்பி திங்க வச்சான். அதனால சாப்பாடும் தூக்கமும் இப்ப உங்களுக்கு ஜெபத்துக்கு கொறஞ்சது இல்ல.

வார்த்தையே வராத நாள்ல சங்கீதம் 88-ஐ சத்தமா வாசிங்க. அதுல கடைசில கூட ஆறுதல் வராது, இருட்டோட தான் முடியும். அப்டியும் அது வேதத்துல இருக்கு, அதையும் கர்த்தர் ஜெபமா தான் வாங்கிக்கறாரு, எனக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்னு சொல்லித் தெரியாது. காலைல ஹெட்லைட்ட கட்டுற நேரத்துல ஒரு வசனம் போதும், "அவைகள் காலைதோறும் புதியவைகள்"னு புலம்பல்ல வர்றத எடுத்துக்கலாம், எருசலேம் எரிஞ்சு கெடக்கறப்ப எழுதினது அது. முழிப்பு வந்தா போன எடுத்து நியூசும் ரீல்சும் பாக்கறத நிறுத்துங்க, அது ஒரு வழிக்கும் ஆகாது.

தூக்கம் வராம, சாப்பாடு எறங்காம வாரக்கணக்கா போகுதுன்னா டாக்டர பாருங்க. லூக்கா வைத்தியர் தான், பவுல் அவர கூடவே வச்சிருந்தாரு. சாகலாம்னு ஒரு நெனப்பு வந்தா அன்னிக்கே, அந்த நேரமே யாரையாவது கூப்பிடுங்க, 14416-ன்னு டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர் இருக்கு, காசு கெடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

சாட்சி நேரத்துல வெளிய போறது தப்பு இல்ல. ஆனா அங்க வெளிய உங்கள மாதிரி வேற யாராவது நிக்காங்களான்னு பாருங்க, நிச்சயம் ஒருத்தராவது நிப்பாங்க. அவங்க கூட ஒரு சாயா குடிங்க, உபதேசம் ஒண்ணும் வேண்டாம், கேட்டா போதும். பிறகு மெல்ல உங்களுக்கதையும் சொல்லுங்க.

அம்மைக்கு என்ன செய்யணும்னு கேட்டீங்க. ஸ்ட்ரோக்ல பேச்சு போனவங்கள்ல சிலருக்கு பேச வராது, ஆனா பழகின பாட்டு வரும், ஏன்னா பாட்டுக்கு மூளையில வேற பகுதிகளும் வேல செய்யும். உங்க அம்மை சின்ன வயசுல இருந்து பாடின கீர்த்தனை, ஞாயித்துக்கிழமை பாட்டு எதுன்னு உங்களுக்கு தெரியும். சாயங்காலம் குடும்ப ஜெபத்துல அதுல ஒண்ண மெதுவா, அவங்க கைய புடிச்சு தாளம் போட்டுகிட்டு பாடுங்க, வார்த்தை வந்தா சந்தோசம், வாய் மட்டும் அசைஞ்சாலும் விடாம தினமும் பாடுங்க. ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருத்தரையும் பாருங்க, மெடிக்கல் காலேஜ்ல கேட்டா வழி சொல்லுவாங்க. அம்மைக்கு வேற என்ன ஜெபம்னு யோசிச்சு அலைய வேண்டாம் தம்பி, அவங்க பக்கத்துல இருந்து அந்த பாட்ட பாடுங்க, எப்டி போகுதுன்னு எனக்கு எழுதுங்க.