முதலில் சனிக்கிழமையைக் கேளுங்கள்

ஐயா, குடியாத்தத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பையனுக்கு 32 வயது, ஆம்பூர் ஷூ கம்பெனியில் எட்டு வருடமாக சூப்பர்வைசர், இப்போது எக்சிகியூட்டிவ் எம்பிஏ, அதாவது சில வருடம் வேலை பார்த்தவர்களுக்கான மேலாண்மைப் படிப்பு, சேரப் போகிறேன் என்கிறான். "இந்த வயசுல படிப்பா, அதுவும் நிலத்தை அடமானம் வச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை விடுங்கள். அந்த வகுப்பில் 32 என்றால் சின்னப் பையன்தான். நிலத்தைப் பற்றி நீங்கள் யோசிப்பதுதான் சரி.

எக்சிகியூட்டிவ் எம்பிஏ என்ற பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கிறது. அகமதாபாத் ஐஐஎம்மின் (இந்திய மேலாண்மைக் கழகம்) பிஜிபிஎக்ஸ் என்ற படிப்பு மாதிரி வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படிப்பது ஒன்று. பெங்களூரு ஐஐஎம் நடத்துவது மாதிரி வேலையில் இருந்துகொண்டே இரண்டு வருடம் வார இறுதியில் படிப்பது இன்னொன்று. மூன்றாவது, சில மாத ஆன்லைன் சான்றிதழ். அது பட்டம் இல்லை. என்னிடம் யோசனை கேட்டு வந்த ஒருவர் பெரிய பெயரைப் பார்த்துப் பணம் கட்டி, முடித்த பிறகுதான் கையில் இருப்பது சான்றிதழ் என்று தெரிந்துகொண்டார். அதனால் விளம்பரத்தை அல்ல, கடைசியில் தரப்போகும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு ஐஐஎம் சட்டம் வந்த பிறகுதான் ஐஐஎம்களே பட்டம் தர முடிந்தது. அதற்கு முன் டிப்ளமோதான். ஆன்லைன் எம்பிஏ என்றால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி பெற்ற பல்கலைக்கழகமா என்று யுஜிசி பட்டியலில் பார்த்துவிடலாம்.

உங்கள் பையன் சொல்வது இரண்டாவது வகை. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வார இறுதி வகுப்பு என்பது ஐந்து நாள் வேலை பார்க்கும் ஐடிக்காரர்களுக்குத் தோதானது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் சனிக்கிழமை வேலை நாள். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் போய்விடும். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னைக்கு இரண்டு மணி நேரம், பெங்களூருக்கு மூன்று நான்கு மணி நேரம். தூரம் பெரிதில்லை, லீவுதான் பெரிது. நான் அனுப்பியவர்களில் பாதியில் நிறுத்திய மூன்று பேரும் பாடம் கடினம் என்று நிறுத்தவில்லை. லீவு கிடைக்காமல் வருகைப்பதிவு குறைந்து நிறுத்தினார்கள். கட்டிய ஃபீஸ் போனது போனதுதான்.

நன்றாக முடித்தவர்களும் உண்டு. ராணிப்பேட்டையில் கட்டிங் பிரிவு பார்த்த ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. அவர் அதுவரை ஆள் கூலியைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தாராம். காஸ்டிங் (அடக்கச் செலவுக் கணக்கு) வகுப்பில் தன் ஷூவையே கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கூலியைவிடத் தோலில்தான் பணம் போகிறது, சதுர அடிக் கணக்கில் வெட்டும்போது வீணாவதுதான் தன் ஓட்டை என்று புரிந்திருக்கிறது. பக்கத்து பெஞ்சில் இருந்த பேங்க் மேனேஜரிடம் ஏற்றுமதிக் கடன் பற்றி டீ குடிக்கும் நேரத்தில் கற்றதுகூட உதவியதாம். வேலையில் இருக்கும் ஒரு தலைவலியோடு வகுப்புக்குப் போகிறவனுக்கு இந்தப் படிப்பு பலன் தரும். போர்டில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள என்றால் இவ்வளவு செலவு வேண்டாம்.

கேம்பஸ் இன்டர்வியூ வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே படிக்கும் வகுப்புகளில் பெரும்பாலும் அது கிடையாது. உயர்வு வந்தால் இருக்கிற கம்பெனியில்தான் வர வேண்டும், இல்லையென்றால் தானே தேட வேண்டும்.

அதனால் பையனை முதலில் கம்பெனி மேனேஜரிடம் போகச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்குச் சனிக்கிழமை விடுவார்களா, ஃபீஸில் பங்கு தருவார்களா என்று கேட்டு, விடுவதாகச் சொன்னால் எழுத்தில் வாங்கட்டும். அப்புறம் பேங்கில் கல்விக் கடன் விசாரிக்கலாம். கம்பெனியின் அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை சீட் பிடிக்க முன்பணம் கட்ட வேண்டாம், நிலப் பத்திரத்தையும் பீரோவிலிருந்து எடுக்க வேண்டாம்.